சாவி கொடுத்தால் மட்டும் போதாது: பனிக்கால வீட்டுக் காப்புறுதி, கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பனிக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, காப்புறுதிக் கொம்பனி கையை விரித்துவிட்டது. நான் ஒன்ராறியோவில் பதினாறு வருடம் காப்புறுதி புரோக்கராக வேலை செய்தவள். இப்படியான கடிதங்களை வாசிக்கும்போது வயிறு எரிகிறது, ஏனென்றால் இவற்றில் முக்கால்வாசி முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்த்திருக்கக்கூடிய இழப்புகள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுக்கிறேன்.

தைப்பொங்கலுக்கு மூன்று வாரம் யாழ்ப்பாணம் போயிருந்தோம் அக்கா. ஹீட்டரை 18 டிகிரியில் விட்டு, சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுத்தான் போனோம். நடுவில் ஃபர்னஸ் நின்றுபோய் மேல்மாடி வாஷ்ரூம் பைப் உறைந்து வெடித்து, கீழ் வீடு முழுக்கத் தண்ணீர். மச்சான் வாரத்துக்கு ஒருதரம் வந்து பார்த்தவர். கொம்பனி கிளெய்மை மறுத்துவிட்டது. இது நியாயமா? – பிரம்டன் வாசகர்

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். கனடாவில் பெரும்பாலான வீட்டுப் பொலிசிகளில் ஒரு நிபந்தனை இருக்கும். ஹீட்டர் போடும் காலத்தில் நீங்கள் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் வீட்டில் இல்லாமல் போய், அந்த நேரம் பைப் உறைந்து வெடித்தால் பணம் கிடையாது. கிடைக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒன்றைச் செய்திருக்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் போய் ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி பைப்புகளில் நின்ற தண்ணீரையும் முழுதாக வடித்திருக்க வேண்டும், அல்லது வீட்டின் வெப்பம் இறங்கினால் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கண்காணிப்பு நிலையத்துக்கு அறிவிப்புப் போகும் அலாரம் பூட்டியிருக்க வேண்டும். நாள் கணக்கு கொம்பனிக்குக் கொம்பனி மாறும், மூன்று நாள் என்றும் ஏழு நாள் என்றும்கூடப் பார்த்திருக்கிறேன், ஆனால் "வாரம் ஒருதரம்" போதும் என்று எழுதிய பொலிசி எதுவும் என் கையில் வந்ததில்லை.

சரி, மறுப்புக் கடிதம் வந்துவிட்டது, இனி என்ன? முதலில் எந்த வாசகத்தின் கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் வெடித்த பைப் துண்டு இருந்தால் எறியவேண்டாம், பிளம்பரிடம் எழுத்தில் ஒரு அறிக்கை வாங்குங்கள். பல பொலிசிகளில் அந்த நான்கு நாள் நிபந்தனை உறைவால் வந்த சேதத்துக்கு மட்டும்தான். கழிப்பறைத் தொட்டிக்குப் போகும் ஹோஸ் பழுதாகி வெடித்திருந்தால் கதை வேறாகலாம். உங்கள் வீட்டில் உண்மையாகவே உறைவுதான் காரணமென்றால் அந்த வழி இல்லை, அதைத் திரித்துச் சொல்லவும் போகாதீர்கள். ஆனால் காரணம் என்னவென்று யாரும் பரிசோதிக்காமலேயே ஜனவரி மாதம் என்பதால் உறைவு என்று எழுதிய கிளெய்ம்களை நான் கண்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

கொம்பனிக்குள்ளேயே முறைப்பாட்டு அதிகாரி ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். அவரும் கைவிட்டால் ஜெனரல் இன்சூரன்ஸ் ஒம்புட் சேர்விஸ் என்ற சுயாதீன அமைப்பு இருக்கிறது, செலவில்லை. ஆனால் ஒன்ராறியோவில் சொத்துக் காப்புறுதிக்கு வழக்குப் போடும் காலக்கெடு பொதுவாகச் சேதம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான். கடிதப் போக்குவரத்திலேயே அந்த வருடம் கரைந்துவிடும், எனவே ஏழெட்டு மாதம் கடந்தும் முடிவில்லை என்றால் ஒரு வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

இனிப் போகப்போகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் ஆட்கள் நீண்ட லீவில் போவதே மார்கழி, தையில்தான், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அப்போதுதான், இங்கே குளிர் இறுகுவதும் அப்போதுதான். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். பனிக்கட்டி பைப்பை அடைத்ததும், அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, பைப் எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். பிளந்த இடத்தில் பெரும்பாலும் உடனே தண்ணீர் வராது, கட்டி உருகியதும்தான் கொட்டத் தொடங்கும். வீட்டில் ஆளில்லாவிட்டால் நாள்கணக்கில் கொட்டும். அதனால்தான் "ஒவ்வொரு நாளும்" என்று கேட்கிறார்கள்.

தினமும் வர யாருமில்லையா? தண்ணீரை மூடி வடித்துவிட்டுப் போங்கள். மெயின் வால்வை மூடினால் மட்டும் நிபந்தனை நிறைவேறாது, பைப்புக்குள் நிற்கும் தண்ணீர் அப்படியே இருக்கும் அல்லவா? மெயினை மூடி, மேல்மாடிக் குழாயையும் பேஸ்மென்டில் மிகத் தாழ்வான குழாயையும் திறந்துவிட்டு, கழிப்பறைத் தொட்டிகளை ஃபிளஷ் பண்ணி வெறுமையாக்குங்கள். வோட்டர் ஹீட்டரை என்ன செய்வது என்பதை, அதை வாடகைக்குத் தந்த கொம்பனியிடமே கேளுங்கள். சுடுநீரால் சூடாக்கும் ரேடியேட்டர் உள்ள பழைய வீடென்றால் பிளம்பரைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று: ஃபோனில் வெப்பம் பார்க்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான், பூட்டுங்கள். ஆனால் பொலிசி கேட்பது கண்காணிப்பு நிலையத்தோடு இணைந்த அலாரத்தை. உங்கள் ஃபோன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்வரை அணைந்திருக்கும். தெர்மோஸ்டாட்டை ஏற்றுக்கொள்வார்களா என்று புரோக்கரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கிவையுங்கள். தினமும் வந்து பார்க்கும் மச்சானிடம் தெர்மோஸ்டாட் திரையை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். தேதியும் நேரமும் அதிலேயே பதியும், நாளைக்கு அதுதான் சாட்சி.

எங்களிடம் "கொம்ப்ரிஹென்சிவ்" பொலிசி இருக்கிறது. மார்ச்சில் ஸ்னோ கரைந்தபோது பேஸ்மென்டில் அரை அடி தண்ணீர். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, நனைந்தது எங்கள் வீடுதானே? – ஸ்காபரோ வாசகி

தங்கச்சி, எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "கொம்ப்ரிஹென்சிவ்" என்றால் எல்லாமே அடங்கும் என்று நினைப்பது நம் ஆட்களிடம் நான் காணும் மிகப் பெரிய தவறான எண்ணம். அதன் பொருள், விலக்கிவைத்தவை தவிர மற்றவை அடங்கும் என்பதுதான். அந்த விலக்குகளில் முதல் வரிசையில் நிற்பது தண்ணீர்.

பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வர நாலு வழி உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பைப்போ வோஷிங் மெஷினோ திடீரென்று வெடித்து வருவது ஒன்று, இது சாதாரண பொலிசியிலேயே வரும். தரையில் உள்ள டிரெயின் (வடிகால் துளை) வழியாகச் சாக்கடைத் தண்ணீர் திரும்பி மேலே வருவது இரண்டாவது, இதற்குத் தனியாகக் காசு கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். வெளியே தேங்கிய மழைத்தண்ணீரோ கரைந்த ஸ்னோவோ ஜன்னல், கதவு வழியாக உள்ளே வருவது மூன்றாவது. இதற்கு வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் காப்புறுதி என்பதே கனடாவில் 2015-க்கு முன் கிடையாது. 2013 ஜூனில் கல்கரியும் ஜூலை 8-ம் தேதி ரொறன்ரோவும் வெள்ளத்தில் மூழ்கிய பிறகுதான் கொம்பனிகள் விற்கத் தொடங்கின, இன்றும் அதைக் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு, தாழ்வான சில இடங்களில் கேட்டாலும் தரமாட்டார்கள். நாலாவது, அத்திவாரச் சுவர் வெடிப்பு வழியாக நிலத்தடித் தண்ணீர் கசிவது. இதைப் பராமரிப்புக் குறை என்று சொல்லிப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள்.

மார்ச்சில் என்ன நடக்கிறதென்றால், மேலே ஸ்னோ கரைகிறது, கீழே மண் இன்னும் உறைந்து கல்லாகக் கிடக்கிறது. தண்ணீருக்கு மண்ணுக்குள் இறங்க வழியில்லை, அது சரிவு பார்த்து வீட்டுப் பக்கம் ஓடி பேஸ்மென்ட் ஜன்னலுக்கு வெளியே உள்ள குழியில் நிரம்புகிறது. அதேநேரம் சாக்கடையும் நிரம்பி வழிகிறது. அதனால் ஒரே நாளில் இரண்டு வழியாகவும் வரலாம். உங்கள் பொலிசியில் சாக்கடைக்கான சேர்க்கை இருந்து வெளித்தண்ணீருக்கானது இல்லை என்றால், டிரெயின் வழியாக வந்ததற்கு மட்டும்தான் பேச முடியும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எடுக்கச் சொல்லி நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். தனித்தனியாக இருந்தால் எது முதலில் வந்தது என்ற வாக்குவாதத்திலேயே மாதங்கள் போய்விடும்.

கிளெய்ம் அழைப்பில் நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "சுவரால் கசிந்திருக்கும்போல" என்று ஊகித்துச் சொன்னால் அது அப்படியே பதிவாகிவிடும். டிரெயினைச் சுற்றி அழுக்கு வளையம் இருக்கிறதா, ஜன்னலின் கீழ் தண்ணீர் ஓடிய தடம் இருக்கிறதா என்று பார்த்து, துடைக்க முன் படம் எடுங்கள். அதற்காக தண்ணீரை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது, சேதம் கூடாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பொலிசியே சொல்கிறது. வெளியேற்றுங்கள், காயவையுங்கள், கார்ப்பெட்டில் ஒரு துண்டு வெட்டிவையுங்கள், ரசீதுகளைச் சேருங்கள்.

உச்சவரம்பையும் பாருங்கள். சாக்கடைச் சேர்க்கை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம், அதில் 10,000 டொலர் என்று எழுதியிருக்கும், பேஸ்மென்டில் அதைப் போல நாலு மடங்கு செலவழித்து அறையும் வாஷ்ரூமும் கட்டியிருப்போம். தண்ணீருக்கு மட்டும் டிடக்டிபிள் (கிளெய்மில் முதலில் நாமே ஏற்கவேண்டிய தொகை) தனியாக, அதிகமாக இருப்பதும் வழக்கம். ரொறன்ரோ நகருக்குள் இருப்பவர்கள் பேக்வோட்டர் வால்வு (சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது), சம்ப் பம்ப் (பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியே இறைப்பது) பூட்ட நகராட்சியின் மானியத் திட்டம் இருக்கிறது, வேலை தொடங்க முன்பே அதன் விதிகளைப் படியுங்கள். சம்ப் பம்ப் ஏற்கெனவே உள்ளவர்கள், தண்ணீரை வெளியே விடும் குழாயின் வாய் ஐஸால் அடைபட்டிருக்கிறதா என்று கிழமைக்கு ஒருதரமாவது பாருங்கள். அடைபட்டால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வெளியே போகாது.

கூரை ஓரத்தில் பெரிய ஐஸ் கட்டிகள் தொங்குகின்றன, படுக்கையறை சீலிங்கில் மஞ்சள் கறை. கிளெய்ம் செய்யலாமா? – அஜாக்ஸ் வாசகர்

அழகாகத் தொங்கும் அந்த ஐஸ், வீட்டின் சூடு கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்குக்குள் கசிகிறது என்பதற்கு அடையாளம். சூட்டில் கூரையின் மேல்பகுதி ஸ்னோ கரைந்து வடிந்து, குளிர்ந்த விளிம்பில் திரும்ப உறைந்து அணை கட்டுகிறது. அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் கூரை ஓடான ஷிங்கிளுக்கு அடியால் உள்ளே போகிறது. இப்படி உள்ளே வந்த தண்ணீரின் சேதத்தை நல்ல பொலிசிகள் பல ஏற்கும், விலை குறைந்த பொலிசிகளில் இருக்காது. ஐஸை அகற்றும் செலவு, தேய்ந்த ஷிங்கிள், அட்டிக் இன்சுலேஷன் உங்கள் செலவு.

கறை இந்த வருடம் வந்ததா, மூன்று வருடமாக இருக்கிறதா? திரும்பத் திரும்ப நடந்த கசிவு என்றால் விலக்கு. ஒரு சின்னக் கறைக்கு டிடக்டிபிள் போக மிஞ்சுவது நூறு டொலரானால் கிளெய்ம் போட்டு, கிளெய்ம் இல்லாததற்குக் கிடைக்கும் கழிவை இழக்கவேண்டாம் என்பேன். ஆனால் சீலிங் ஈரமாகத் தொங்கினால் காத்திருக்காதீர்கள், இன்றே சொல்லுங்கள். தயவுசெய்து ஏணி வைத்து ஏறிக் கோடரியால் ஐஸ் கொத்தவேண்டாம். ஷிங்கிள் உடைவதைவிட நீங்கள் விழுவதுதான் எனக்குப் பயம். நீண்ட கைபிடி உள்ள கூரை வாரியால் நிலத்தில் நின்றே புதிய ஸ்னோவை இழுத்துவிடலாம்.

பேஸ்மென்டில் இரண்டு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், கொம்பனிக்குச் சொல்லவில்லை. ஸ்னோ வழிப்பது அவர்கள் பொறுப்பு என்று வாடகைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறேன். பிரச்சினை வருமா? – மார்க்கம் வாசகர்

ஐயா, இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன, இரண்டும் பெரியவை.

வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்தது, பொலிசி எடுத்தபோது சொன்ன நிலைமை மாறியது. ஒன்ராறியோ காப்புறுதிச் சட்டத்தின்படி இப்படியான மாற்றத்தை உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அந்த மாற்றம் பாதிக்கும் பகுதிக்குக் காப்புறுதி செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு வழியிருக்கிறது. பிரீமியம் கூடும் என்றுதானே சொல்லாமல் விட்டீர்கள்? பெரும்பாலும் கூடுவது தாங்கக்கூடிய தொகைதான், ஒரு தீயோ வெள்ளமோ வந்தால் போவது வீடு. நாளைக்கே சொல்லுங்கள். மாணவர்களின் மடிக்கணினியும் உடுப்பும் உங்கள் பொலிசியில் வராது, வாடகைக்காரர் காப்புறுதி எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்னோ. 2009-ல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய இதே விஷயத்தைத் தீர்த்தது. பேஸ்மென்டில் குடியிருந்தவர் பனியில் வழுக்கி விழுந்தார், ஸ்னோ வழிப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்று வாடகைப் பத்திரத்தில் இருந்தது. அந்த வரி வீட்டுக்காரரைக் காப்பாற்றாது என்றது நீதிமன்றம். குடியிருப்பவர்தான் வழிக்க வேண்டுமென்றால் வாடகைப் பத்திரத்திலிருந்து பிரிந்து நிற்கக்கூடிய ஒரு வேலை ஒப்பந்தம், அதற்கான கொடுப்பனவோடு, இருக்க வேண்டும். விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 2021 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது, அப்படியொரு கடிதம் வந்தால் நீங்களே பதில் எழுதாமல் அன்றே காப்புறுதிக்கு அனுப்புங்கள். என்றைக்கு வழித்தோம், உப்புப் போட்டோம் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். உங்கள் இடத்தில் பிறர் விழுந்து வழக்குப் போட்டால் உதவும் பொறுப்புக் காப்பு 10 லட்சம் டொலரில் இருந்தால் 20 லட்சமாக்கக் கேளுங்கள், அதற்குக் கூடும் காசு கொஞ்சம்தான்.

ஐஸ் புயலில் மின்சாரம் போனால் காப்புறுதி என்ன தரும்? – பீற்றர்பரோ வாசகி

2025 மார்ச் கடைசியில் உங்கள் பக்கமும் ஒரிலியாப் பக்கமும் பட்ட பாடு தெரியும். ஃப்ரீசரில் கெட்டுப்போன உணவுக்குப் பல பொலிசிகளில் ஒரு தொகை இருக்கும். எனக்குக் கவலை வேறு இரண்டு விஷயங்களில்தான். மின்சாரம் இல்லாவிட்டால் காஸ் ஃபர்னஸும் ஓடாது, சம்ப் பம்ப்பும் ஓடாது.

2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மூன்று லட்சம் மின்சார வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள், எங்கள் வீடும் அதில் ஒன்று. மூன்றாம் நாள் வீட்டுக்குள் வாய் திறந்தால் புகை வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம், ஆனால் போக முன் என் கணவர் டோர்ச் வெளிச்சத்தில் மெயினை மூடி எல்லாக் குழாயையும் திறந்து வடித்தார். அன்று அது வெறும் முன்யோசனை என்றுதான் நினைத்தேன், பொலிசி வாசகத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குளிருக்குப் பயந்து உறவினர் வீட்டுக்குப் போனாலும் "வீட்டில் இல்லை" என்ற நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும் என்று. நீங்களும் வெளியே தங்கினால் வீட்டை நாள்தோறும் போய்ப் பாருங்கள், அல்லது வடித்துவிடுங்கள். சம்ப் பம்ப்புக்கு பேட்டரி வையுங்கள். பார்பிக்யூ அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ ஒருபோதும் ஓடவிடாதீர்கள், அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

ஜனவரி முதல் வாரம் புது வீட்டுச் சாவி கிடைக்கிறது. தை பிறந்து நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, பெப்ரவரி நடுவில்தான் குடிபோகிறோம். பொலிசி எடுத்தாயிற்று, போதுமா? – விற்பி வாசகி

போதாது. யாரும் இன்னும் குடிவராத வீட்டைக் கொம்பனி "வெற்று வீடு" என்று பார்க்கும். லீவில் போனவரின் வீட்டைவிட இதற்கு நிபந்தனை இறுக்கம். பைப் உறைவு, தண்ணீர்ச் சேதம், களவு போன்றவை முதல் நாளிலிருந்தே விலகியிருக்கலாம், 30 நாள் தாண்டினால் பொலிசி முழுவதுமே கேள்விக்குறி. இரண்டு கட்டிலும் திரைச்சீலையும் போட்டுவைத்தால் குடியிருப்பதாக ஆகாது.

சாவி வாங்க முன்பே புரோக்கருக்கு எழுதி, குடிபோகும் தேதியைச் சொல்லி, வெற்று வீட்டுக்கான அனுமதியை எழுத்தில் கேளுங்கள். எவையெவை அடங்காது என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய வீட்டின் பொலிசியை நிறுத்தும் தேதியையும் அந்த மின்னஞ்சலிலேயே தீர்த்துவிடலாம். சாவி கைக்கு வந்த அன்று மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டு, ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். பழைய வால்வுகள் இறுகிப்போய் இருக்கும். பால் காய்ச்சும் அன்று தண்ணீரைத் திறந்தால், குடிபோகும்வரை இடையில் உள்ள நாட்களுக்குத் திரும்ப மூடி வடித்துவிட்டு வாருங்கள்.